சாயங்காலம் ஒரு மணி நேரம் சும்மா விடுங்க

மேடையில இருக்கற தலைவர் ஐயா அவர்களே, என்னைக் கூப்பிட்ட வாசகர் வட்டத்து செயலாளர் அம்மா அவர்களே, மஞ்சக்குப்பம் வியாபாரிகள் சங்கத்துப் பெரியவங்களே, பொன்னாடை போத்தின தம்பி, அப்புறம் நான் கேட்டதும் சத்தத்தைக் குறைச்சு வச்ச மைக்செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம்.

சாயங்காலம் ஒரு மணி நேரம் தனியா சும்மா இருக்கறதைப் பத்தி வெளிச்சம், கைவேலை, சத்தம்னு மூணு விஷயம் பேசணும்னு வந்தேன்.

தனிமரம் தோப்பாகாதும்பாங்க. எங்க அத்தை இதை என்கிட்ட ஆயிரம் தடவ சொல்லியிருக்காங்க. ரேஷன் கடையில பில் போடற வேலை எனக்கு, ரேகை விழல, பருப்பு வரலன்னு நாள் பூரா பேசிட்டு வீட்டுக்கு வந்தா கை கால் கழுவிட்டு, டியூப்லைட் போடாம, மாடிப்படியில சுக்குக் காப்பியோட உக்காந்து முருங்கைக்கீரை உருவுவேன். காம்பைப் பிடிச்சு இழுத்தா இலை பொலபொலன்னு முறத்துல விழும், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அத்தை பாத்துட்டு, பொண்டாட்டியோட சண்டையான்னு வீட்ல விசாரிச்சு, பாடலீஸ்வரர் கோயில் விபூதி கொண்டாந்து பூசி, அப்பவும் நான் பேசலன்னதும் பக்கத்துல உக்காந்து அவங்களும் ஒரு கொத்தை எடுத்தாங்க. அரைமணி நேரம் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. எந்திரிக்கும்போது, "டேய், நல்லாத்தான்டா இருக்கு"ன்னாங்க. மறுநாள் ஆறு மணிக்கு அவங்களே கீரையோட வந்துட்டாங்க!

இது நோய் இல்லங்க. மனசு உள்பக்கமா திரும்பற சுபாவம், இன்ட்ரோவெர்ட்னு கார்ல் யுங்ங்கற மனநல மருத்துவர் 1921லயே விரிவா எழுதிட்டார். தேவனாம்பட்டினம் கடற்கரையில பௌர்ணமி அன்னிக்குப் பாருங்க, சூரியன் முதுகுப்பக்கம் இறங்க இறங்க நிலா கடல்லேருந்து ஏறும், அதைத் தனியாப் பாக்கறவனைப் போய் தனிமரம்னு சொல்லாதீங்க. வெளிச்சத்துக்கு ஒண்ணு சொல்றேன், ராத்திரி போனைக் கண்ணுக்கு நேரா வச்சிருந்தா தூக்கத்தைக் கொண்டு வர்ற மெலடோனின் சுரக்கறது தள்ளிப்போகும்.

ஆனா சத்தம்தான் எனக்குப் பெருசு. போன மாசம் எங்க தெருவுல ஒரு விசேஷம், கரண்ட் கம்பத்துல குழாய் ஸ்பீக்கர், ராத்திரி பதினொண்ணரை வரைக்கும். அத்தை காதுல பஞ்சை வச்சுட்டு உக்காந்திருந்தாங்க. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10லேருந்து காலை 6 வரைக்கும் திறந்தவெளியில ஸ்பீக்கர் கூடாது, குடியிருப்புப் பகுதியில சத்தத்தோட அளவு பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45தான். கொண்டாடுங்க, நானும் மொய் எழுத வர்றேன், ஸ்பீக்கரை மட்டும் பந்தலுக்குள்ள இறக்கி வைங்க. ஒரு தெரு கேட்டா தனிமரம்தான், பத்துத் தெரு சேர்ந்து கேக்கணும்.

கலெக்டருக்கு மனு எழுதி வாசல் மேஜையில வச்சிருக்கேன், பேனாவும் நூல்ல கட்டியிருக்கு. போறப்ப கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.