பத்துக் கோடிப் பேர் பார்த்தார்கள், பிறகு?

பெரியோர்களே, ஆச்சிமார்களே, கல்லூரியிலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

இணையத்தில் ஒரு செய்தி காட்டுத்தீயாகப் பரவினால் துன்பத்தில் இருப்பவர்களுக்கு உதவி போய்ச் சேருமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சேரும், சேராது என்று இரண்டு அணி கட்டிப் பட்டிமன்றமாகவே நடத்தியிருக்கலாம். காரைக்குடியில் அதற்கு ஆள் பஞ்சமே கிடையாது. ஆனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிரசாரம் பயன்படுமா என்பது அது பரவுவதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. பார்க்கிறவர் என்ன செய்ய வேண்டும்? அதை வாங்கிக்கொள்ள மறுமுனையில் ஆள் இருக்கிறதா? எப்போது நிறுத்துவது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பலன் உண்டு. இல்லாவிட்டால் எத்தனை கோடிப் பேர் பார்த்தாலும் வெறும் கூட்டம்தான்.

2014-இல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்களே, நினைவிருக்கிறதா? கூத்து என்றுதான் பலரும் சிரித்தோம். ஏஎல்எஸ் என்கிற நரம்பு நோய்க்காக நடந்தது அது. கேட்ட காரியம் மிகத் தெளிவு: 24 மணி நேரத்துக்குள் ஊற்றிக்கொள், அல்லது நன்கொடை கொடு, கூடவே மூன்று பேரைப் பெயர் சொல்லி அழை. பணத்தை வாங்க அமெரிக்காவில் ஏஎல்எஸ் சங்கம் ஏற்கெனவே இருந்தது. ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 29 வரை அந்தச் சங்கத்துக்கு வந்தது 10 கோடி டாலருக்கு மேல். முந்தைய ஆண்டு அதே நாட்களில் வந்தது 28 லட்சம் டாலர். மொத்தம் 11.5 கோடியைத் தொட்டது. அதில் பெரும்பங்கு ஆராய்ச்சிக்குப் போயிற்று. அந்தப் பணமும் சேர்ந்து நடந்த ஆய்வில்தான் நெக்1 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 2016-இல் வெளிவந்தது. கூத்து பலித்தது. ஆனால் மறு ஆண்டு ஆகஸ்டில் அதே வாளியைத் தூக்கிப் பார்த்தார்கள், வந்தது மிகச் சொற்பம். அலை ஒருமுறைதான் வரும். அது வரும்போது பாத்திரம் தயாராக இருந்ததே அவர்கள் கெட்டிக்காரத்தனம்.

இதற்கு நேர் எதிர் 2012 மார்ச் 5-இல் வந்த 'கோனி 2012'. அரை மணி நேரப் படம், ஆறே நாளில் 10 கோடிப் பார்வை. உகாண்டாவில் குழந்தைகளைக் கடத்திப் படையில் சேர்த்த ஜோசப் கோனியை உலகமே அறியும்படி செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. அறிந்தோம், சரி. பிறகு? 30 டாலருக்குச் சுவரொட்டியும் கைவளையமும் அடங்கிய பெட்டி விற்றார்கள். ஏப்ரல் 20 இரவில் ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டுவது திட்டம். அன்றைக்குத் தெருவில் ஆளைக் காணோம். கோனி 2006-லேயே உகாண்டாவை விட்டு வெளியேறியிருந்தான். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2005-லேயே கைதாணை பிறப்பித்திருந்தது. தேடலுக்கு உதவ அமெரிக்கா சுமார் நூறு படை ஆலோசகர்களை அனுப்ப உத்தரவிட்டதும் படம் வருவதற்கு ஐந்து மாதம் முன்னால். வடக்கு உகாண்டாவின் லிரா நகரில் அந்தப் படத்தைத் திரையிட்டபோது, பாதிக்கப்பட்ட ஜனங்களே கோபப்பட்டுக் கல்லெறிந்தார்கள். எங்கள் கதையில் நாங்கள் எங்கே என்பது அவர்கள் ஆத்திரம். 2017-இல் தேடலே கைவிடப்பட்டது. அவனைப் புகழ்பெறச் செய்வதையே காரியமாக வைத்ததுதான் பிழை என்பது என் கருத்து.

நைஜீரியாவின் சிபோக் பள்ளியிலிருந்து 2014 ஏப்ரலில் 276 மாணவிகள் கடத்தப்பட்டபோதும் உலகமே ஹேஷ்டேக் போட்டது. 57 பேர் தாமாகவே தப்பினார்கள். 2016-இல் 21 பேரும் 2017-இல் 82 பேரும் விடுதலையானது பேச்சுவார்த்தையால். உலகின் கவனம் அரசை நெருக்கியது உண்மை. பணயக்கைதிகளை வைத்திருப்பவனுக்குப் பேரம் பேச வலு கூடுவதும் அதே கவனத்தால்தான்.

சூடானில் போரில் சிக்கிய டார்ஃபூர் மக்களுக்காக ஃபேஸ்புக்கில் பத்து லட்சம் பேருக்கு மேல் சேர்ந்த ஒரு குழுவை ஆராய்ந்த கட்டுரை 2014-இல் வந்தது. நூற்றுக்கு 99 பேருக்கு மேல் ஒரு காசு கொடுக்கவில்லை. அதே ஆண்டில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: நாலு பேர் பார்க்க ஆதரவு காட்டியவர்களைவிட, தனியாக ஆதரவு காட்டியவர்களே பிறகு உண்மையான உதவிக்கு வந்தார்கள். நல்லவன் என்ற பெயர் கிடைத்ததும் பாதிப் பேருக்குக் காரியம் முடிந்துவிடுகிறது போலும். ஆனால் அந்த ஆசையையே காரியத்துக்கும் திருப்பலாம். 2012 மே 1-இல் ஃபேஸ்புக் உறுப்பு தானம் செய்பவர் என்று போட்டுக்கொள்ள இடம் கொடுத்தது. பக்கத்திலேயே அரசுப் பதிவேட்டுக்கான இணைப்பும் வைத்தது. அமெரிக்காவில் நாளுக்குச் சராசரி 616 ஆக இருந்த இணையப் பதிவு அன்று ஒரே நாளில் 13,000-ஐத் தாண்டியது.

நம் கைப்பேசிக்கு வருவோம். 'அவசரம், ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை, ஷேர் செய்யவும்.' ஊர்க் குழு, புள்ளிகள் என்கிற நகரத்தார் குடும்பங்களின் குழு, பள்ளித் தோழர் குழு என்று சுற்றிச் சுற்றி வருகிறதே, அதில் தேதி இருக்காது. எந்த மாதம் கேட்டது என்றே தெரியாது. நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது காலமாகியிருப்பார். அந்த எண்ணுக்கு ராத்திரி ஒரு மணிக்கு அழைப்பு போய்க்கொண்டே இருக்கும். நொந்துபோய் அவர்கள் சிம்மையே மாற்றிவிடுகிறார்கள். அடுத்து உண்மையாகவே ஒருவர் கேட்கும்போது நாமும் படிக்காமல் தள்ளிவிடுகிறோம்.

முறையான வேண்டுகோளில் இவை இருக்க வேண்டும்: மருத்துவமனையும் ஊரும், ரத்த வகை, முழு ரத்தமா, சிவப்பணுவா, பிளேட்லெட்டா, எத்தனை யூனிட், எந்தத் தேதி எத்தனை மணிக்குள், கூட இருப்பவர் எண். கடைசி வரியாக, 'இந்த நேரத்துக்குப் பிறகு அனுப்ப வேண்டாம்' என்று இருக்க வேண்டும். கிடைத்ததும் 'தேவை தீர்ந்தது' என்று அதே குழுக்களில் போடுவது அனுப்பியவர் பொறுப்பு.

இதில் இன்னொரு சிக்கல் கூட்டம். பெரிய விபத்து நடந்தால் படம் பரவும், இருநூறு பேர் ரத்த வங்கி வாசலில் நிற்பார்கள். மனசு பெரிது, ஐயமில்லை. ஆனால் சிவப்பணுவை அதிகபட்சம் 42 நாள்தான் வைக்கலாம், பிளேட்லெட் ஐந்தே நாள். ஒருமுறை முழு ரத்தம் கொடுத்த ஆண் அடுத்து 90 நாளும், பெண் 120 நாளும் கொடுக்கக் கூடாது. இருநூறு பேரும் ஒரே நாளில் கொடுத்தால் கொஞ்சம் காலாவதியாகிக் கீழே போகும். அடுத்த மாதம் அவசரமாக ரத்தம் தேடும்போது அந்த இருநூறு பேரில் ஒருவரும் முழு ரத்தம் கொடுக்க முடியாது. அன்று தேவையானவர்களை மட்டும் அனுப்பிவிட்டு, மற்றவர்கள் பெயர், வகை, எண், கடைசியாகக் கொடுத்த தேதி ஆகியவற்றை ஒருவர் நோட்டில் எழுதி வாரத்துக்குப் பத்துப் பேராக அனுப்பினால் ஒரு சொட்டும் வீணாகாது. 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் கொடுக்கலாம்.

பேரிடர் நிவாரணத்திலும் இதே கதைதான். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, நம் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையைப் புரட்டிப் போட்டது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் இல்லை. 'தண்ணீர் தேவை' என்று பரவினால் எல்லாரும் பாட்டில் வாங்குவார்கள். பத்து டன் லாரி நிறைய ஏற்றினாலும் பத்தாயிரம் லிட்டர்தான். ஒரு கிராமத்து மேல்நிலைத் தொட்டி ஒன்றே முப்பதாயிரம் லிட்டர் பிடிக்கும். ஒரு ஜெனரேட்டரும் டீசலும் கிடைத்தால் சில மணி நேரத்தில் நிரம்பிவிடும். ஆகையால் கேட்க வேண்டியது 'ஜெனரேட்டர் தேவை, 15 கேவிஏ, த்ரீ பேஸ், ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்கு' என்று. கேவிஏ என்பது ஜெனரேட்டரின் திறன் அளவு; 5 கேவிஏ அனுப்பினால் உதவாது. கிளம்பும் நொடியில் அந்த மோட்டார் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், ஜெனரேட்டர் அணைந்துவிடும். இந்த விவரம் உள்ளூர் மோட்டார் மெக்கானிக்குக்குத் தெரியும், சென்னையிலிருந்து பதிவு போடுகிறவருக்குத் தெரியாது.

பழைய துணி பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் அது குவியலாகக் கிடந்தது. பிரிக்க ஆள், வைக்க இடம், கடைசியில் அகற்ற வண்டி என்று மூன்றும் நிவாரண வேலையிலிருந்தே பிடுங்கப்படுகின்றன. வீட்டில் இடத்தை அடைக்கிறது என்பதற்காக மூட்டை கட்டுவதைத் தருமம் என்று சொல்லக் கூடாது.

பணம் திரட்டுவதில் நம் ஊருக்கு வழி புதிதல்ல. பர்மாவில் தொழில் நடத்திய காலத்தில் மகமை என்று தனியாகக் கணக்கெழுதித் தருமத்துக்கு ஒதுக்கியவர்கள் நகரத்தார். ஐந்தொகை என்கிற வரவு செலவு இருப்புக் கணக்கு நேராகாமல் ஏட்டை மூட மாட்டார்கள். அதே கண்டிப்பு கியூஆர் கோடுக்கும் வேண்டும். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் அறக்கட்டளையினுடையதா, தனி ஆளினுடையதா என்று பாருங்கள். சிகிச்சைக்கு என்றால் மருத்துவமனைக் கணக்கிலேயே நோயாளி எண் சொல்லிக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். இலக்கு எவ்வளவு, இன்று வரை வந்தது எவ்வளவு, மிஞ்சினால் எங்கே போகும் என்பது பதிவிலேயே இருக்க வேண்டும். 80ஜி என்று சொல்லிப் பழகிய, நன்கொடைக்கான வருமான வரி விலக்கு வேண்டுமானால் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் செல்லாது.

கடைசியாக, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள சொந்தங்களுக்கு ஃபார்வர்டு செய்கிறீர்களே, அங்கே ஒரு சட்டம் குறுக்கிடுகிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சம்பாத்தியத்தை வங்கி வழியாக இங்குள்ள அறக்கட்டளைக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நிதிதான். வாங்கும் அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். 'அண்ணன் கணக்கில் போடுங்கள், நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்கிறோம்' என்று குழுவில் யாராவது எழுதினால் அந்தச் செய்தியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்; மாட்டுவது அந்த அண்ணனும் வாங்கிய அறக்கட்டளையும்தான்.