24-வது டார்பிடோ

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எல்லோரையும் பெயர் சொல்லி வணங்கினால் என் நேரம் அதிலேயே போய்விடும், அதனால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

'போரில் கடைசிவரை கைகொடுப்பது கருவியா, மனிதனா?' நான் மனிதன் கட்சி. எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "அண்ணன் மூச்சுக்கு மூச்சு மனிதன் என்கிறார், அந்த மைக்கை அணைத்துப் பாருங்கள், அவர் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்ல அடிதான். ஆனால் அவர் பேசி முடிக்கும்போது அதே மைக் 'கீஈஈ' என்று கத்தியதே, அப்போது காதைப் பொத்திக்கொண்டது யார்? விட்ட சத்தம் சுற்றி வந்து விட்டவரையே துளைத்தது. எனக்கு டாங் நீர்மூழ்கி ஞாபகம் வந்துவிட்டது.

1944 செப்டம்பர். அமெரிக்காவின் டாங், ஐந்தாவது ரோந்துக்கு 24 டார்பிடோக்களோடு, அதாவது தண்ணீருக்குள் ஓடிப்போய்க் கப்பலில் வெடிக்கிற குண்டுகளோடு, பேர்ல் ஹார்பரிலிருந்து கிளம்புகிறது. கேப்டன் ரிச்சர்ட் ஓ'கேன். தைவான் நீரிணையில் ஜப்பானியக் கப்பல் வரிசைக்கு நடுவிலேயே புகுந்து அடிக்கிற ஆள். அக்டோபர் 25, விடியற்காலை இரண்டரை மணி இருக்கும். மிச்சம் இரண்டே டார்பிடோ. அடிபட்டு நிற்கிற ஒரு கப்பலை முடித்தால் நேராக வீடு. 23-வது ஒழுங்காகப் போனது. அப்புறம் 24-வது. தம்பி கட்சியின் செல்லப்பிள்ளை, மின்கலத்தில் ஓடுவது, தண்ணீரில் குமிழித் தடம்கூட விடாது. விட்டார்கள். துள்ளியது. இடப்பக்கம் திரும்பியது. திரும்பியது, திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது...

படகு மேல்மட்டத்தில் நிற்கிறது. படகின் மேல்தளத்தில் நிற்கிற ஓ'கேன் தன் டார்பிடோ தன்னைத் தேடி வருவதைப் பார்க்கிறார். முழு வேகம் கொடு, சுக்கானைத் திருப்பு என்று கத்துகிறார். கையில் இருந்தது சுமார் 20 விநாடி. நான் இப்போது 20 விநாடி பேசாமல் நிற்கிறேன், எண்ணுங்கள்.

பார்த்தீர்களா, ஐந்தாவது விநாடியிலேயே நடுவர் கை மணிக்குப் போகிறது! அந்த 20 விநாடியில் அவர்கள் ஒரு கப்பலையே திருப்பப் பார்த்தார்கள். முடியவில்லை. பின்பக்கத்தில் அடித்தது.

87 பேர். படகு 180 அடி ஆழத்தில் தரை தட்டியது. மேலே காவல் கப்பல் வெடிகளைப் போடுகிறது, உள்ளே புகை. உயிரோடு இருந்த சுமார் 30 பேர் முன்பக்க அறையில் ஒடுங்கினார்கள். 13 பேர் அங்கிருந்து வெளியேறினார்கள், ஐந்து பேர்தான் பிழைத்தார்கள். "மூச்சுவிட உதவிய அந்த ரப்பர்ப் பை கருவி இல்லையா?" என்று தம்பி எழுந்திருப்பார். கருவிதான் தம்பி, ஒப்புக்கொள்கிறேன், உட்காருங்கள். அந்த இருட்டில் பையை அடுத்தவன் கழுத்தில் மாட்டிவிட்ட கை எந்த ஆலையில் செய்தது?

படகின் மேல்பகுதியிலிருந்து தண்ணீருக்கு வந்து தப்பியவர்களையும் சேர்த்து மொத்தம் ஒன்பது பேரை ஜப்பானியர் தூக்கினார்கள். தூக்கியதும் அடி, உதை. அடித்தவர்கள் யார்? டாங் மூழ்கடித்த கப்பல்களில் வெந்து, உருக்குலைந்து தப்பியவர்கள். அது தெரிந்த பிறகு அந்த அடியை அவ்வளவு வெறுப்பில்லாமல் வாங்கிக்கொள்ள முடிந்தது என்று ஓ'கேன் பின்னால் எழுதினார். நடுவர் அவர்களே, அடித்தவன் உடம்பில் தீக்காயம், அடி வாங்கியவன் உடம்பில் உப்புத்தண்ணீர், இரண்டு பேருக்கும் எங்கேயோ ஒரு அம்மா சோற்றை மூடிவைத்துக் காத்திருந்திருப்பாள். 78 பேரின் அம்மாக்கள் அதன்பிறகும் காத்திருந்தார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், சரி. தலைப்புக்கே வரவில்லை என்று தம்பி சொல்வார், சொல்லட்டும். கீச்சென்றபோது ஓடிவந்து மைக்கைச் சரிசெய்த அந்த ஒலிபெருக்கிப் பையனுக்கு ஒரு கைதட்டு கொடுங்கள், நான் இறங்குகிறேன்.