மலை ஈரத்தில் வெள்ளைப்பூட்டுத் தூள்

நேயர்களுக்கு வணக்கம். வெள்ளைப்பூட்டை வீட்டிலேயே காயவைத்துத் தூளாக்குவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். உரி, மெல்லியதாகச் சீவு, காயவை, அரை என்று செய்முறையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் அதை நம்பி நுவரெலியாவிலோ ஹட்டனிலோ செய்தால், பாதிப் பூடு பூஞ்சணம் பிடித்துவிடும். மீதியும் போத்தலுக்குள் கட்டியாகிவிடும். நம்முடைய மலையில் ஈரம் அவ்வளவு. அதனால் நான் பேசப்போவது பெரும்பாலும் ஈரத்தைப் பற்றித்தான்.

முதலில், ஏன் தூளாக்க வேண்டும்? நம் கடைகளில் விற்கும் பூட்டில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. வெலிமடை, ஊவா பரணகமப் பக்கம் விளைகிற உள்ளூர்ப் பூடும் உண்டு. பல் சிறிது, காரம் கூட. எதை வாங்கினாலும் தோட்டத்து லயத்து வீட்டில் அது நெடுநாள் தாங்காது. இளங்குளிரும் ஈரமும் சேர்ந்தால் பூடு முளைவிட அவசரப்படும். மழை மாதத்தில் கூடையைப் பார்த்தால் ஒன்று முளைத்திருக்கும், இன்னொன்று அடியில் கறுத்திருக்கும். விலை இறங்கும்போது இரண்டு கிலோ சேர்த்து வாங்க ஆசை இருந்தும் பெண்கள் பயந்து கால் கிலோவோடு திரும்புவது இதனால்தான். விடியுமுன் எழுந்து ரொட்டியும் சம்பலும் செய்து, பிள்ளைகளை அனுப்பி, கொழுந்தெடுக்க மலைக்கு ஏறுகிற ஒருத்திக்கு, உரிக்கிற வேலை இல்லாத பூடு கையில் இருப்பது பெரிய உதவி. இந்த வேலையை நான் விரும்பிச் சொல்லிக்கொடுப்பதும் அதற்காகத்தான்.

எந்த மாதத்தில் செய்வது என்பதை நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டவளைப் பக்கத்தில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. அங்கே உள்ளவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை வருகிற வெயிலுக்குக் காத்திருங்கள். பதுளை, பண்டாரவளை, வெலிமடைக்காரர்களுக்கு இது தலைகீழ். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் காற்றும் வெயிலும் காய்ந்து கிடக்கும். ஒக்டோபருக்குப் பிறகு மழை. ஒரே மாதத்தில் ஒரு பக்கம் நனைய, மறு பக்கம் காய்கிற ஊர் நம்முடையது. பதுளையில் இருக்கும் அக்கா சொன்ன மாதத்தில் ஹட்டனில் இருக்கும் தங்கை தட்டைப் பரப்பினால் பூடு கெட்டுப்போகும்.

சரி, பூடு வாங்குவோம். கையில் கனமாக, இறுக்கமாக இருக்கிற பூடு நல்லது. நசுங்கிய பல்லையும் புள்ளி விழுந்த பல்லையும் அன்றைய கறிக்குப் போட்டுவிடுங்கள், காயவைக்க வேண்டாம். எண்ணெய் தடவி வெயிலில் வைத்து உரிக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தூளுக்கு அது ஒத்துவராது, எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை வரும். தண்ணீரில் ஊறவைத்து உரிப்பதும் வேண்டாம். போக்க வேண்டிய ஈரத்தை நாமே கூட்டுவானேன்? பல்லைப் பிரித்து, இறுக மூடுகிற பாத்திரத்தில் போட்டு நன்றாகக் குலுக்கினால் தோல் பெரும்பாலும் கழன்றுவிடும். நடுவில் பச்சை முளை இருந்தால் எடுத்துவிடுங்கள், கசக்கும்.

சீவுவதில்தான் பாதி வெற்றி. இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பு வேண்டாம். அதைவிட, எல்லாத் துண்டும் ஒரே தடிப்பாக இருப்பது முக்கியம். தடித்த துண்டு ஒன்று உள்ளே ஈரத்தை ஒளித்து வைத்திருந்து, போத்தலுக்குள் போன பிறகு மற்ற எல்லாவற்றையும் நனைத்துவிடும்.

முழுப் பல்லுக்கு அவ்வளவு வாசம் இல்லை, வெட்டியதும் வீடே மணக்கிறது. அலின் என்கிற பொருளும் அலினேஸ் என்கிற நொதியமும் பூட்டின் கலங்களுக்குள் தனித்தனியாக இருக்கின்றன. கத்தி பட்டதும் இரண்டும் கலந்து அலிசின் உண்டாகிறது. மூக்கில் ஏறுகிற காரம் அதுதான். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: ரோலரில் கொழுந்து நசுங்கினால்தானே உள்ளே உள்ளவை கலந்து, நிறமும் மணமும் வருகின்றன. அந்த நொதியம் கடும் சூட்டைத் தாங்காது. 60 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் அது செத்துப்போகும், பூடும் பழுப்பேறிக் கசக்கும். 50 முதல் 60 பாகைக்குள் காய்ந்த தூளில் நொதியம் உறங்கிக் கிடக்கும். தண்ணீர் பட்டதும் மறுபடி வேலை செய்யும். நல்ல தூளில் ஒரு சிட்டிகை எடுத்து நனைத்து முகர்ந்து பாருங்கள், பச்சைப் பூட்டின் காரம் திரும்பி வரும்.

மின் அவன் (oven) இருந்தால் ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி இடைவெளி விடுங்கள். நீராவி வெளியேற வழி இல்லாவிட்டால் பூடு வேகும், காயாது. 60 பாகையில் ஆறு மணி முதல் பத்து மணி நேரம் பிடிக்கும். மின் கட்டணத்தை நினைத்தால் எனக்கு வெயில்தான் பிடிக்கும். ஒரு மரப்பெட்டி, அடியில் கறுப்பு அடித்த தகரம், மேலே தெளிவான பொலித்தீன், கீழே ஒரு பக்கமும் மேலே மறு பக்கமும் காற்றுத் துளை, துளைகளுக்கு நுளம்பு வலை. இவ்வளவு போதும், வெளிக்குளிர் உள்ளே எட்டாது. வெறும் சுளகில் பரப்புகிறவர்கள் மூன்று மணிக்கெல்லாம் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு மிஸ்ட் ஏறிவிடும், அன்று முழுதும் காய்ந்தது அரை மணியில் வீணாகிவிடும். விறகு அடுப்புக்கு மேல் பரணில் வைக்க வேண்டாம். கரியும் புகையும் ஏறும். சமையல் முடிந்து தணல் மட்டும் இருக்கும்போது, உயரமாகத் தட்டை வைக்கலாம். தட்டுக்குப் பக்கத்தில் கையைப் பிடித்தால் இதமாக இருக்க வேண்டும். கையை இழுக்கத் தோன்றினால் சூடு அதிகம்.

காயும்போது சில துண்டுகள் நீலமாகவோ பச்சையாகவோ மாறும். பயப்பட வேண்டாம், அது பூட்டின் கந்தகப் பொருட்கள் செய்கிற வேலை. மாவு பூத்தாற்போலப் பூஞ்சணம் கண்டால் மட்டும் யோசிக்காமல் வீசுங்கள். இன்னொன்று, வீட்டுத் தேயிலையை அந்த அறையில் வைக்காதீர்கள். தேயிலை எந்த வாசத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதை நம்மவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு துண்டை ஆறவிட்டு வளையுங்கள். பட்டென்று முறிய வேண்டும். தோல் போல வளைந்தால் இன்னும் காயவில்லை. சூட்டோடு பார்த்தால் ஏமாந்துபோவோம், ஆறவிடுவது முக்கியம். பச்சைப் பூட்டில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால் ஒரு கிலோ முழுப்பூடு வாங்கினால் தோலும் தண்ணீரும் போக, மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் மிஞ்சும். குறைந்துபோனதே என்று மனம் தளர வேண்டாம். நடுத்தரப் பல் ஒன்றுக்கு அரைக்கால் தேக்கரண்டித் தூள் போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் அரைத்துவிடாதீர்கள். நம் மலையில் தூள் காற்றைக் கண்டதும் ஈரம் இழுத்துக் கட்டியாகும். துண்டாகவே காற்றுப் புகாத போத்தலில் வைத்து, இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்வதே சரியான வழி. போத்தலில் போட்ட முதல் வாரம் தினமும் ஒரு தடவை பாருங்கள். உள்ளே பூத்தாற்போல ஈரம் தெரிந்தால் கொட்டி மறுபடி காயவையுங்கள். கிரைண்டரை விட்டுவிட்டு ஓட்டுங்கள், சூடேறினால் தூள் ஒட்டும். அரைத்தவுடன் மூடியைத் திறந்தால் கண் எரியும், சற்றுப் பொறுங்கள். அடுப்புக்கு மேல் தட்டில் போத்தலை வைக்காதீர்கள். கொதிக்கிற கறிக்கு மேல் பிடித்தபடி தூளைத் தூவவும் கூடாது, ஆவி உள்ளே போய்விடும்.

சரியாகக் காயாத பூட்டை வீணாக்க மனமில்லாமல் எண்ணெயில் போட்டு வெளியே வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காற்றில்லாத எண்ணெய்க்குள் ஈரப் பூட்டில் பொட்யூலிசம் என்கிற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. வாசத்திலோ நிறத்திலோ தெரியாது.

சமைக்கும்போது தூளைக் கொதிக்கிற எண்ணெயில் தாளிக்க வேண்டாம், நொடியில் கருகும். பருப்புக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் முதலில் கொஞ்சம் தண்ணீரில் சில நிமிடம் குழைத்துவைத்து, காரம் எழுந்த பிறகு ஊற்றுங்கள். புளியோ தக்காளியோ சேர்கிற கறியில் இது கட்டாயம். புளிப்பில் நேராகப் போட்டால் அந்த நொதியம் வேலை செய்யாது. அவித்த கடலைக்கும் மரவள்ளிக்கும் அப்படியே தூவலாம்.

நாலைந்து பேர் சேர்ந்து செய்து பொட்டலம் கட்டி விற்க நினைத்தால், முதலில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பார்த்து என்ன பதிவு தேவை என்று கேளுங்கள். பொட்டலத்தில் தயாரித்த திகதியை எழுதுங்கள். மிளகாய் அரைத்த கிரைண்டரைக் கழுவி, துடைத்து, வெயிலில் உலர்த்திய பிறகே பூட்டைப் போடுங்கள். நன்றி, வணக்கம்.