யிட்டிஷைக் காப்பாற்றியவர்கள் அதைக் காப்பாற்ற நினைத்தவர்கள் அல்லர்

வணக்கம். தாய்மொழிக் கல்வியைப் பற்றி நம் ஊரில் யார் மேடையேறினாலும் பத்தாவது நிமிடத்தில் எபிரேயம் வந்துவிடும். இரண்டாயிரம் ஆண்டுகள் செத்துக் கிடந்த மொழியை ஒற்றை மனிதர் எழுப்பி நடக்க வைத்தார் என்பார்கள், கைதட்டல் விழும், பேச்சாளர் தண்ணீர் குடிப்பார். அந்த ஒற்றை மனிதரான எலியேசர் பென் யெகூதா 1881இல் பாலஸ்தீனத்தின் யாஃபா துறைமுகத்தில் வந்திறங்கியதும், மறு ஆண்டு பிறந்த மகனின் காதில் எபிரேயத்தைத் தவிர வேறு மொழி விழக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டதும், மனைவி ஒருநாள் ருஷ்யத் தாலாட்டு ஒன்றை முணுமுணுத்ததற்காக அவர் கொதித்தெழுந்ததாகச் சொல்லப்படுவதும் உங்களில் பலர் கேட்ட கதைகள்தாம். எபிரேயம் அப்போது அவ்வளவு செத்தும் கிடக்கவில்லை. அதில் நூல் எழுதினார்கள், கடிதம் எழுதினார்கள், எருசலேம் சந்தையில் வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்த யூதர்கள் அதை வைத்துத்தான் பேரம் பேசினார்கள். அது இருக்கட்டும். இந்தக் கதையில் நம் பேச்சாளர்கள் எப்போதும் விட்டுவிடுகிற ஒரு பாத்திரத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

அந்தப் பாத்திரம் யிட்டிஷ், ஐரோப்பிய யூதர்கள் வீட்டிலும் தெருவிலும் பேசிய, ஜெர்மன் மொழிக்கு உறவான மொழி. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அதை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பேசினார்கள். வார்சாவிலும் வில்னாவிலும் நியூயார்க்கிலும் நாளிதழ், நாடகம், தொழிற்சங்கம், கவிதை, வசை என எல்லாம் அதில் நடந்தன. இஸ்ரேலை நிறுவிய தலைவர்களில் பலருக்கு வீட்டில் கிடைத்த மொழியும் அதுவே. போலந்தின் ப்வோன்ஸ்க் நகரில் தாவீது க்ரூனாகப் பிறந்து இஸ்ரேலின் முதல் பிரதமர் பென் குரியன் ஆனவரும் அவர்களில் ஒருவர். ஆனால் தாங்கள் கட்டவிருந்த புதிய நாட்டில் அதற்கு இடமில்லை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். யிட்டிஷ் அவர்கள் காதில் பழைய ஊரின் பயத்தையும் கூனிய முதுகையும் நினைவூட்டும் மொழியாக ஒலித்தது. 1923இல் டெல் அவிவில் மாணவர்கள் ‘மொழிப் பாதுகாவலர் படை’ ஒன்றை அமைத்துக்கொண்டு, தெருவில் வேறு மொழி பேசுகிறவர்களை நிறுத்தி, ‘எபிரேயனே, எபிரேயம் பேசு’ என்று அதட்டினார்கள். 1930இல் யிட்டிஷ் பேசும் படத்தைத் திரையிட்டதற்காக அந்நகரின் திரையரங்கு ஒன்றில் கலவரமே நடந்தது. 1927இல் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் யிட்டிஷுக்கு ஓர் இருக்கை அமைக்கப் பணத்தோடு வந்தவர்களைப் போராட்டம் நடத்தித் திருப்பி அனுப்பினார்கள். அந்த இருக்கை ஒருவழியாக 1951இல் அமைந்தது. அதற்குள் அந்த மொழியைப் பேசியவர்களில் பெரும் பகுதியினர் ஐரோப்பாவில் சாம்பலாகியிருந்தார்கள்.

அரசு அமைந்த பிறகு நடந்த கூத்தைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. மொர்தகாய் த்சானின் என்ற பத்திரிகையாளர் ‘லெட்ஸ்டே நயெஸ்’, அதாவது ‘கடைசிச் செய்திகள்’, என்ற யிட்டிஷ் இதழைத் தொடங்கினார். முகாம்களில் தப்பிப் பிழைத்து வந்திறங்கிய மக்களுக்குப் புரிந்த மொழி அதுதான் என்பதால் விற்பனைக்குக் குறைவில்லை. ஆனால் யிட்டிஷில் நாளிதழ் நடத்த அரசு அனுமதி தரவில்லை. வாரத்தில் சில நாள் மட்டும் வெளியிட்டுக்கொள்ளலாம் என்றது. த்சானின் வழக்கும் போடவில்லை, உண்ணாவிரதமும் இருக்கவில்லை. ‘ஹைன்டிகே நயெஸ்’, அதாவது ‘இன்றைய செய்திகள்’, என்று இன்னோர் இதழுக்குத் தனியாக அனுமதி வாங்கி, இது வராத நாளில் அது, அது வராத நாளில் இது என்று மாற்றி மாற்றி வெளியிட்டார். சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு பத்திரிகைகள், வாசகனின் கைக்கு ஒரே நாளிதழ். யூத நகைச்சுவையை விளக்கப் பெரிய பெரிய ஆய்வு நூல்கள் இருக்கின்றன. எனக்கு இந்த ஒரு விண்ணப்பப் படிவமே போதும்.

யிட்டிஷுக்கு எதிரி டெல் அவிவ் மட்டும்தான் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் பெரும்பான்மையினர் யிட்டிஷ் பேசியவர்கள். எபிரேயத்தைத் தடைசெய்து யிட்டிஷை ஆதரித்த சோவியத் அரசு, 1952 ஆகஸ்ட் 12 அன்று மார்கிஷ், பெர்கெல்சன் முதலிய யிட்டிஷ் எழுத்தாளர்கள் உள்ளிட்ட 13 பேரைச் சுட்டுக் கொன்றது. அதாவது ஆதரவும் ஆபத்தாகத்தான் முடிந்தது.

இதே கதி மற்ற யூத மொழிகளுக்கும் வெவ்வேறு வேடத்தில் நேர்ந்தது. ஸ்பெயின் 1492இல் யூதர்களை விரட்டியது. விரட்டப்பட்டவர்கள் தங்கள் ஸ்பானியத்தை சலோனிகாவுக்கும் இஸ்தான்புலுக்கும் சுமந்துபோய், லடினோ என்ற பெயரில் நூற்றாண்டுகளாக வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். 2015இல் மனம் திருந்திய ஸ்பெயின், அந்த வம்சத்தாருக்குக் குடியுரிமை தரச் சட்டம் இயற்றியது. வீட்டில் லடினோ பேசுவது நீங்கள் அந்த வம்சம் என்பதற்கான சான்றுகளில் ஒன்றாக இருந்தது. ஆனால் 2019இல் விண்ணப்பக் காலம் முடியும்வரை, குடியுரிமை வேண்டுமென்றால் பொதுவாக இன்றைய ஸ்பானியத்தில் தேர்வு எழுதித் தேற வேண்டியிருந்தது. இஸ்ரேலிலோ, பாக்தாதிலிருந்தும் ஏமனிலிருந்தும் வந்த பாட்டிமார் அரபியில் சமைத்து அரபியில் திட்டிய வீடுகளின் பேரப்பிள்ளைகள் வாழும் நாட்டில், 2018ஆம் ஆண்டுச் சட்டம் அரபியை ஆட்சிமொழி என்ற நிலையிலிருந்து இறக்கி, ‘சிறப்பு நிலை’ என்ற மரியாதையான மூலையில் உட்கார வைத்தது. வாக்களித்துவிட்டு எழுந்தவர்கள் ஒருவரையொருவர் ‘யல்லா’, அதாவது அரபியில் ‘வா, போகலாம்’, என்று அழைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் புறப்பட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

யிட்டிஷுக்குத் திரும்புவோம். அதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் யார் என்று 1930இல் கேட்டிருந்தால், கவிஞர்கள், நாடகக்காரர்கள், இடதுசாரிகள், வில்னாவில் 1925இல் ‘யிவோ’ என்ற ஆய்வு நிறுவனத்தை அமைத்து எழுத்துக்கூட்டலைச் சீர்செய்துகொண்டிருந்த அறிஞர்கள் என்று பட்டியல் வந்திருக்கும். இன்று தெருவில் குழந்தைகள் யிட்டிஷில் சண்டை போடுவதைக் கேட்க வேண்டுமானால், நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க்குக்கோ, கடும் சமய மரபு பேணும் யூதப் பிரிவினரான சத்மார் ஹசீதியர்கள் 1970களில் உருவாக்கிய கிர்யாஸ் ஜோயல் என்ற ஊருக்கோ, எருசலேமின் மெயா ஷெஅரிமுக்கோ போக வேண்டும். இவர்களுக்கு யிட்டிஷ் இலக்கியத்தின் மீது எந்த மோகமும் கிடையாது. 1978இல் நோபல் பரிசு பெற்ற ஐசக் பஷேவிஸ் சிங்கர், விருது மேடையில் யிட்டிஷிலும் பேசினார்; ஆனால் ஹசீதிய வீட்டு அலமாரியில் அவரைத் தேடிப் பயனில்லை. அவர்களுடைய கணக்கு எளிது: எபிரேயம் தோராவுக்கும் தொழுகைக்கும் உரிய புனித மொழி, அதில் உருளைக்கிழங்கு விலை கேட்கக் கூடாது, ஆங்கிலம் பேசினால் பிள்ளைகள் வெளியே போய்விடுவார்கள், ஆகவே நடுவில் யிட்டிஷ், ஒரு வேலியாக. வீட்டுக்கு ஆறேழு குழந்தைகள் சாதாரணம் என்பதால் வேலிக்குள் மொழி செழிக்கிறது. மொழிப்பற்று என்ற சொல்லே தெரியாதவர்கள் ஒரு மொழியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மொழிப்பற்றைத் தொழிலாகக் கொண்ட என்னைப் போன்றவர்களுக்கு இது சற்றுக் கசப்பான செய்திதான்.

‘மொழி என்பது தரைப்படையும் கடற்படையும் உள்ள வட்டாரவழக்கு’ என்ற புகழ்பெற்ற வாசகத்தை நீங்கள் கேட்டிருக்கலாம். அதை 1945இல் யிட்டிஷில் அச்சேற்றியவர் மாக்ஸ் வைன்ரைக் என்ற மொழியியலாளர். சொன்னவர் அவருடைய உரையைக் கேட்க வந்திருந்த ஒருவர். பிற்பாடு எபிரேயத்துக்கு அந்தப் படை கிடைத்தது. 1948இல் பென் குரியன், யெஷிவாக்களில் சமயம் கற்கும் சுமார் 400 மாணவர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தார். அழிந்துபோன உலகின் மிச்சம், கொஞ்ச காலத்தில் கரைந்துவிடும் என்று நினைத்திருப்பார் போலும். விலக்குப் பெற்றோர் தொகை பல்லாயிரமாகப் பெருகி, 2023 அக்டோபருக்குப் பிந்தைய போரில் ஆள் பற்றாக்குறை கடுமையான வேளையில், 2024 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அவர்களையும் படைக்கு எடுக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். ஹரேதியர் எனப்படும் இந்தக் கடும் சமய மரபினர் எல்லோரும் யிட்டிஷ் பேசுகிறவர்கள் அல்லர். பலருக்கு வீட்டிலும் எபிரேயம்தான். ஆயினும் படையில்லாத மொழி என்று நையாண்டி செய்யப்பட்ட மொழியை இன்றும் பிடிவாதமாகப் பேசுகிறவர்கள், படையே வேண்டாம் என்று எருசலேம் தெருக்களை மறித்து உட்காருகிறவர்களின் முன்வரிசையில் இருக்கிறார்கள். விலக்கு நியாயமா என்று கேட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளை களத்துக்குப் போகும்போது தன் பிள்ளையைப் பாடசாலையில் உட்காரவைத்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் கரைந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டவர்மீதும் எனக்குக் கோபம் உண்டு.

2021 ஏப்ரலில் டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலியில் யிட்டிஷ் பாடம் வந்தது. எந்த உச்சரிப்பைக் கற்பிப்பது என்று வாக்குவாதம் எழுந்து, கடைசியில் இலக்கணம் யிவோ அறிஞர்களுடையது, உச்சரிப்பு ஹசீதியர்களுடையது என்று சமரசமானது. அந்த உச்சரிப்புக்குச் சொந்தக்காரர்களோ, 2012 மே மாதம் நியூயார்க்கின் ஒரு பேஸ்பால் அரங்கில் சுமார் 40,000 ஆண்களைத் திரட்டி இணையத்தின் தீமைகளைப் பற்றிக் கூட்டம் நடத்திய உலகத்தைச் சேர்ந்தவர்கள். அந்தச் செயலியில் நானும் பாடம் படித்து வருகிறேன். நான் சரியாக உச்சரிக்கிறேனா என்று சொல்லக்கூடியவர்களில் பலருடைய பையில் இந்தக் காணொளியைத் திறக்கும் கைப்பேசி இருக்காது என்பதால், தைரியமாக அடுத்த வாரம் யிட்டிஷ் வசைகளைப் பற்றிப் பேசப் போகிறேன்.