கணினிக்குப் பெரிய 4கே திரை: டிவியா, மானிட்டரா?

[திரையில்: வெறும் மேசை. அதன் மீது ஓர் அளவுநாடா விரிகிறது.]

வணக்கம். நாள் முழுவதும் கணினியில் எழுத்தோடும் கணக்கோடும் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் திரை போதாமல் போகிறது. மூல ஆவணம் ஒரு பக்கம், தாம் எழுதுகிற ஆவணம் மறுபக்கம், அகராதியோ விரிதாளோ நடுவில் என்று மூன்றையும் ஒருசேர விரித்து வைக்க இடம் வேண்டும். அப்போதுதான் பெரிய 4கே திரையைப் பற்றிய எண்ணம் வருகிறது. தேடிப் பார்த்தால், அதே அளவுள்ள மானிட்டரைவிட டிவி பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கிறது. டிவியையே கணினித் திரையாக வைத்துக்கொள்ளலாமா, எந்த அளவில் வாங்குவது என்பவற்றை இந்த வீடியோவில் நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

டிவி படம் காட்டுவதற்காக வடிவமைக்கப்படுகிறது. கணினித் திரையிலோ நாம் பெரும்பாலும் எழுத்தைப் படிக்கிறோம். கடைகளில் ஓடவிடும் அருவியும் பூந்தோட்டமும் ஏறக்குறைய எந்தத் திரையிலும் கண்ணைப் பறிக்கும். வெள்ளைப் பின்னணியில் சிறிய எழுத்தில் ஒரு பத்தியைக் காட்டினால்தான் திரைக்குத் திரை உள்ள வேறுபாடு வெளிப்படும். ஆகவே, இனிச் சொல்லப்போகும் ஒவ்வொன்றையும் எழுத்தை வைத்தே அளக்கிறேன்.

[திரையில்: ஒரே பக்கம் 27, 43, 55 அங்குலத் திரைகளில் அடுத்தடுத்துத் தெரிகிறது.]

4கே என்று விற்கப்படும் திரையில் அகலவாக்கில் 3840, உயரவாக்கில் 2160 பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகள், இருக்கின்றன. மொத்தம் ஏறத்தாழ 83 லட்சம்; முழு ஹெச்டி திரையில் இருப்பதைப் போலச் சரியாக நான்கு மடங்கு. திரை 27 அங்குலமானாலும் 65 அங்குலமானாலும் இந்த எண்ணிக்கை மாறுவதில்லை. பிக்சல்கள் நெருங்கி அமைகின்றனவா, விலகி அமைகின்றனவா என்பதுதான் மாறுகிறது. 27 அங்குலத் திரையில் ஓர் அங்குல நீளத்துக்கு 163 பிக்சல்கள், 32-இல் 138, 43-இல் 102, 55-இல் 80, 65-இல் 68.

விண்டோஸ் நெடுங்காலமாக அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற கணக்கை அடிப்படையாகக் கொண்டு எழுத்தின் அளவைத் தீர்மானித்து வருகிறது. 43 அங்குலத் திரையின் அடர்த்தி அதற்கு மிக அருகில் இருப்பதால், அதில் எழுத்தைப் பெரிதாக்காமல், 100 விழுக்காட்டு அளவிலேயே படிக்க முடியும். 83 லட்சம் பிக்சல்களும் வேலை செய்யும் இடமாகக் கிடைக்கும். நான்கு 21.5 அங்குல முழு ஹெச்டி மானிட்டர்களை நடுவில் சட்டமே இல்லாமல் ஒட்டி வைத்ததற்கு இது சமம். 32 அங்குலத்தில் அதே எழுத்து கண்ணுக்கு மிகவும் சிறிதாகத் தெரியும். பெரும்பாலானவர்கள் 125 அல்லது 150 விழுக்காட்டுக்குப் பெரிதாக்குவார்கள். 150-இல் வைத்தால், கிடைக்கும் இடம் 2560க்கு 1440 பிக்சல் கொண்ட திரையின் இடம்தான். மிச்சமுள்ள பிக்சல்கள் எழுத்தின் வளைவுகளைக் கூர்மையாக்கப் பயன்படுகின்றன. ஆக, 4கே திரை வாங்குகிறவர் தமக்கு இடம் வேண்டுமா, கூர்மை வேண்டுமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் முழுமையாக ஒரே திரை தராது.

மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு சொல். 2018-இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து மேக்ஓஎஸ், எழுத்தின் ஓரங்களை மென்மையாக்கத் துணைப் பிக்சல்களை, அதாவது ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளை, பயன்படுத்துவதைக் கைவிட்டுவிட்டது. அதனால் அடர்த்தி குறைந்த திரைகளில் மேக்கின் எழுத்து சற்றுத் தடித்து, கலங்கினாற்போலத் தெரியும். 43 அங்குலத்தை வாங்கும்முன் அதைத் தங்கள் கணினியோடு இணைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது பலரும் தவறவிடும் இடத்துக்கு வருகிறோம். 43-ஐவிட 55 பெரிது. ஆனால் 55 அங்குலத் திரையில் ஒரு வரிகூடக் கூடுதலாகக் காட்ட முடியாது. இரண்டிலும் பிக்சல் எண்ணிக்கை ஒன்றே. நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும் என்று கொள்வது வழக்கம். 43 அங்குலத்தில் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர். அது அந்த எல்லைக்குள் வருவதற்குக் கண் 85 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 55 அங்குலத்தில் அதே தூரம் 110 சென்டிமீட்டராகிறது. அதாவது, பெரிய திரையை வாங்கிவிட்டு, அதன் பிக்சல் கட்டம் தெரியாமலிருக்கப் பின்னால் நகர்ந்து உட்கார்கிறோம். அப்படி நகர்ந்தபின் கண்ணுக்குத் தெரியும் காட்சி 43 அங்குலத்தை 85 சென்டிமீட்டரில் பார்ப்பதற்கு ஒப்பானது. மேசையின் ஆழம் 60 முதல் 75 சென்டிமீட்டர் வரை இருக்கும் இடத்தில் 110 சென்டிமீட்டருக்கு எங்கே போவது? சுவரில் மாட்டி மேசையை முன்னால் இழுத்துப் போட வசதியுள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு 55 அங்குலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

[திரையில்: பக்கவாட்டிலிருந்து நாற்காலியில் அமர்ந்தவர். கண்ணிலிருந்து திரையின் மேல் விளிம்புக்கு ஒரு கோடு.]

கழுத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 43 அங்குலத் திரை 95 சென்டிமீட்டர் அகலமும் ஏறக்குறைய 54 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. 80 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது இடமிருந்து வலமாக 60 பாகைக்குச் சற்று அதிகமாக விரிந்து நிற்கும். பக்கவாட்டில் தலையைத் திருப்புவது பெரிய தொல்லை ஆகாது. நாள் முழுவதும் அண்ணாந்து பார்ப்பதுதான் தொல்லை. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. டிவியோடு வரும் கால்கள் திரையைத் தேவைக்கு மேல் உயர்த்திவிடுகின்றன, உயரத்தை மாற்றவும் முடிவதில்லை. பின்புறம் உள்ள திருகுத் துளைகளில் பொருந்தும் தாங்கி ஒன்றை வாங்கி, திரையை மேசைப் பரப்பைத் தொடும் அளவுக்கு இறக்கி வைப்பதே சிறந்த வழி.

[திரையில்: நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து. பாதி தெளிவு, பாதி கலங்கல்.]

அடுத்து, டிவியை வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது நிறத் தகவலைக் குறைக்கும் முறை. மனிதக் கண் வெளிச்சத்தின் வேறுபாட்டை நுட்பமாகவும் நிறத்தின் வேறுபாட்டைச் சற்று மங்கலாகவும் உணர்கிறது. இதைப் பயன்படுத்திக்கொண்டு, திரைப்படங்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சத்தைத் தனித்தனியாகவும், நிறத்தை நான்கு பிக்சல்களுக்குப் பொதுவாக ஒன்றாகவும் பதிவு செய்கின்றன. இதற்கு 4:2:0 என்று பெயர். எல்லாப் பிக்சல்களுக்கும் தனி நிறம் இருந்தால் அது 4:4:4. ஓடும் படத்தில் இந்தச் சிக்கனம் நமக்குத் தெரிவதே இல்லை. எழுத்தின் கோடோ பல இடங்களில் ஒரே ஒரு பிக்சல் தடிமன்தான். அந்தக் கோட்டின் நிறத்தை அண்டைப் பிக்சலோடு பங்கிட்டால் கோடு கரைந்துபோகிறது. தமிழ் எழுத்தைப் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். னகரத்துக்கும் ணகரத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு சுழிதான். மெய்யெழுத்தின் புள்ளி சிறிய அளவில் இரண்டு மூன்று பிக்சல்களுக்குள் அடங்கிவிடும். மெய்ப்புத் திருத்துகிறவர் சிவப்பு எழுத்தில் போட்ட குறிப்பை இன்னொருவர் கலங்கலான திரையில் படிக்க நேர்ந்தால், ஒரு மணி நேரத்தில் கண் களைத்துவிடும்.

நல்லவேளையாக, இன்றைய 4கே டிவிகளில் பல, 4:4:4 முறையில் காட்டக்கூடியவை. ஆனால் தாமாகக் காட்டுவதில்லை. சாம்சங், எல்ஜி நிறுவனங்களின் டிவிகளில், கணினியை இணைத்த உள்ளீட்டின் வகையை ‘பிசி’ என்று மாற்றினால்தான் அந்த முறை இயங்கும். மற்ற நிறுவனங்களின் டிவிகளில் வேறு பெயரில், வேறு மெனுவில் இருக்கலாம். சில டிவிகளில் குறிப்பிட்ட ஓர் இணைப்புத் துளையில் மட்டுமே கிடைக்கும். சோதிப்பது எளிது. ஓர் ஆவணத்தில் நீலப் பின்னணியை வைத்து, அதன் மேல் சிறிய சிவப்பு எழுத்தில் சில வரிகளைத் தட்டச்சு செய்யுங்கள். வெள்ளையில் கறுப்பாகத் தெளிந்து தெரியும் எழுத்து, இங்கே ஓரம் பிசிறிக் கலங்கினால் டிவி நிறத்தைப் பங்கிடுகிறது என்று பொருள்.

அதே மெனுவில் இருக்கும்போது இன்னும் இரண்டைச் சரிசெய்துவிடலாம். படத்தின் ஓரங்களைச் சற்று வெட்டிவிட்டுப் பெரிதாக்கிக் காட்டும் பழைய பழக்கம் சில டிவிகளில் இன்றும் உண்டு. திரையின் அடியிலுள்ள பணிப்பட்டை பாதி மறைந்தால் காரணம் இதுவே. அதை அணைத்துவிடுங்கள். கூர்மை என்ற அளவைக் குறையுங்கள். அது எழுத்தைச் சுற்றி ஒரு வெண்ணிற விளிம்பைச் சேர்க்குமே தவிர, உண்மையான கூர்மையைத் தராது.

[திரையில்: மூன்று கேபிள்கள். மவுஸ் அம்பு ஒன்று தடைபட்டு நகர்கிறது.]

இணைப்பைப் பற்றி. கணினியையும் திரையையும் பொதுவாக இணைப்பது ஹெச்டிஎம்ஐ என்ற இணைப்பு முறை. அதன் 1.4 பதிப்பு வழியாக 4கே படத்தை விநாடிக்கு 30 முறைதான் அனுப்ப முடியும். 2013-இல் வந்த ஹெச்டிஎம்ஐ 2.0, அதை 60 முறை, முழு நிறத் தகவலோடு அனுப்பும். 2.1 பதிப்பு 120 முறைக்கும் இடம் தருகிறது. 30 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 30 முறை என்ற வேகத்தில், மவுஸ் அம்பு கையின் அசைவுக்குப் பின்னால் இழுபட்டு வரும். என் பழைய மடிக்கணினியை 4கே திரையில் இணைத்தபோது திரைதான் பழுது என்று பல நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். மடிக்கணினியின் துளை 1.4 என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே திரை, கேபிள், கணினி ஆகிய மூன்றும் 60 ஹெர்ட்ஸைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பல டிவிகளில் அந்தத் துளைக்கு உயர்தரச் சமிக்ஞையை ஏற்கும் அமைப்பைத் தனியாக இயக்கவும் வேண்டும். பெட்டியின் மேல் 2.1 என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அந்தப் பதிப்பின் பல வசதிகள் கட்டாயமானவை அல்ல என்பதால், 120 ஹெர்ட்ஸ் 4கே உண்டா என்று வெளிப்படையாக எழுதியிருப்பதைத் தேடுங்கள். அசைவுத் திறன் என்ற பெயரில் விளம்பரங்களில் வரும் பெரிய எண்களும் திரையின் உண்மையான புதுப்பிப்பு வேகமும் ஒன்றல்ல.

திரைப் பலகையின் வகையும் எழுத்தைப் பாதிக்கிறது. ஐபிஎஸ் வகையில் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதும் மாறாது. ஆனால் கறுப்பு சற்றே சாம்பலாகத் தெரியும். விஏ வகையில் கறுப்பு ஆழமானது, ஆனால் பக்கவாட்டுப் பார்வையில் நிறம் வெளிறும். டிவியைத் தொலைவிலிருந்து பார்க்கும்போது இது பொருட்டல்ல. 80 சென்டிமீட்டரில் உட்காருகிறவருக்கோ, நேராக உட்கார்ந்திருந்தாலும், திரையின் மூலைகள் சாய்கோணத்தில்தான் இருக்கின்றன. அதனால் கணினிக்கு நான் ஐபிஎஸ் வகையையே விரும்புகிறேன். சில பலகைகளில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற துணைப் பிக்சல் வரிசை தலைகீழாக இருக்கும். அப்போது விண்டோஸின் எழுத்துக்கு ஓரத்தில் நிறச் சாயல் தெரியும். எழுத்தின் ஓரங்களைச் சீராக்க விண்டோஸில் உள்ள கிளியர்டைப் அமைப்பைக் கொண்டு அதை ஓரளவு சரிசெய்யலாம்.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகள் படத்துக்கு ஈடு இணையற்றவை. ஆனால் பணிப்பட்டையும் ஆவணத்தின் கருவிப்பட்டையும் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் ஒளிர்ந்தால் அவற்றின் தடம் திரையில் பதியக்கூடும். பெரிய வெள்ளைப் பக்கம் திறந்தவுடன் ஒளி தானாகக் குறைவதும் பல ஓஎல்இடி டிவிகளில் உண்டு. பகலில் எட்டு மணி நேரம் விரிதாளும் இரவில் இரண்டு மணி நேரம் படமும் என்றால் வேண்டாம். இந்த விகிதம் மாறினால் 48 அங்குல ஓஎல்இடியைக் கருதலாம்.

மானிட்டருக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பதால் கிடைப்பவை சிறியவை போலத் தோன்றினாலும் அன்றாடம் உணரப்படுபவை. கணினி உறங்கும்போது மானிட்டரும் உறங்கி, விழிக்கும்போது தானே விழிக்கும். பெரும்பாலான டிவிகளை ஒவ்வொரு முறையும் ரிமோட்டால் இயக்க வேண்டியிருக்கும். கணினித் திரைகளுக்கான இன்னொரு இணைப்பு முறையான டிஸ்ப்ளேபோர்ட்டின் துளை டிவிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. யுஎஸ்பி-சி வழியாக ஒரே கேபிளில் படமும் மடிக்கணினிக்கு மின்சாரமும் என்ற வசதியும் பல மானிட்டர்களில்தான் உண்டு. 70 சென்டிமீட்டருக்குள் உட்கார்ந்து, கூர்மையான எழுத்தை விரும்புகிறவர் 32 அங்குல 4கே மானிட்டரை வாங்கலாம். இடமே முதன்மை என்பவருக்கு, 85 சென்டிமீட்டர் விலகல் கிடைக்குமானால், 4:4:4 சோதனையில் தேறிய 43 அங்குல டிவி நன்றாகவே உழைக்கும்.

[திரையில்: மேசை மீது பழைய அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய செவ்வகம்.]

பணம் கொடுக்கும்முன் ஒரு வேலை செய்யுங்கள். பழைய அட்டைப்பெட்டியிலிருந்து 95 சென்டிமீட்டர் அகலமும் 54 சென்டிமீட்டர் உயரமும் உள்ள துண்டை வெட்டி, திரை நிற்கப்போகும் இடத்தில் நிறுத்துங்கள். நான்கு மூலைகளிலும் அச்சிட்ட பக்கங்களை ஒட்டிவிட்டு, வழக்கமான நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்து அவற்றை மாறி மாறிப் படியுங்கள். மோவாயைத் தூக்காமல் மேல் மூலைகளைப் படிக்க முடிந்தால் 43 அங்குலம் உங்கள் மேசைக்குப் பொருந்தும். முடியாவிட்டால் அட்டையை 71க்கு 40 சென்டிமீட்டராகக் கத்தரித்து, 32 அங்குலமாக்கி, மறுபடியும் உட்கார்ந்து பாருங்கள்.