உரிமைக்குக் காவல் மக்களின் விழிப்பே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'அரசமைப்புச் சட்டம் நமக்குத் தந்த உரிமைகளுக்குப் பெருங்காவலாக நிற்பது நீதிமன்றமா, மக்களின் விழிப்பா?' என்பது தலைப்பு. மக்களின் விழிப்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மனுநீதிச் சோழனில் தொடங்கி கேசவானந்த பாரதி வழக்கில் முடித்தார். திருவாரூர் அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி தொங்கியது, சரி. அதை அடித்தது யார்? கன்றை இழந்த பசு! பசு வந்து அடித்திராவிட்டால் சோழனின் நீதி அரண்மனைக்கு உள்ளேயே இருந்திருக்கும். உரிமை பறிபோனால் உச்ச நீதிமன்றத்தை நேரடியாக நாடலாம் என்று சொல்லும் பிரிவு 32-ஐ அரசமைப்பின் இதயம், ஆன்மா என்று அம்பேத்கர் போற்றியதையும் எடுத்துக்காட்டினார்கள். அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள், ஐயா. உச்ச நீதிமன்றத்தின் அமைப்பைச் சொல்லும் ஐந்தாம் பகுதியில் இல்லை. அடிப்படை உரிமைகளைச் சொல்லும் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. நீதிமன்றத்தை நாடுவதே குடிமக்களின் உரிமை. திகார் சிறையில் சக கைதி ஒருவருக்கு நேர்ந்த கொடுமையைப் பொறுக்காமல் சுனில் பத்ரா என்ற கைதி நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. அதை ஏற்ற நீதிபதிகளை நான் வணங்குகிறேன். ஆனால் எழுதியவர் இல்லையென்றால் ஏற்பதற்கு என்ன இருந்திருக்கும்?

கேசவானந்த பாரதி வழக்குக்கு வருகிறேன். 1973 ஏப்ரல் 24. பதின்மூன்று நீதிபதிகள். அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் சிதைக்க முடியாது என்று ஏழு பேர் சொன்னார்கள். மகத்தான தீர்ப்பு, மறுக்கவில்லை. அடுத்த நாள் நடந்ததை எதிரணி ஏன் சொல்லவில்லை? அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்த மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி, ஏ.என்.ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். தன் தலைமை நாற்காலியில் யார் உட்காருவது என்பதையே அன்று நீதிமன்றத்தால் காத்துக்கொள்ள முடியவில்லை. அதன் விலையை மூன்றே ஆண்டுகளில் நாடு கொடுத்தது.

1975 ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். நெருக்கடி நிலை வந்தது. அமைச்சரவைக்கே மறுநாள் காலைதான் தெரிந்தது. நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. பிறகு மக்களவை தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொண்டது. நிர்வாகத்தைச் சட்டமன்றம் தட்டிக்கேட்கும், இரண்டையும் நீதிமன்றம் தட்டிக்கேட்கும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? முதல் இரண்டும் சாய்ந்த பிறகு, மூன்றாவதிடம் நாடு போய் நின்றது. விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் அடைக்கப்பட்டவர்கள், அடைபட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் துணிந்து சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்ற விசாரணையில், தனிப்பகைக்காக ஒரு போலீஸ் அதிகாரி ஒருவரைக் கொன்றாலும் நிவாரணம் கிடையாதா என்று நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்று அரசுத் தலைமை வழக்கறிஞர் பதில் சொன்னார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகும், 1976 ஏப்ரல் 28 அன்று, ஐந்தில் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள். அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அதே ஏ.என்.ரே. மறுத்து எழுதிய ஒரே மனிதர் கன்னா. அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவருக்கு மறுக்கப்பட்டது, அவர் விலகினார்.

இந்தத் தீர்ப்பு ஒரு வீட்டில் என்ன செய்தது என்று பாருங்கள். 1976 மார்ச் 1 அன்று கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துச் சென்றது. அவருடைய தந்தை ஈச்சர வாரியர் ஓய்வுபெற்ற பேராசிரியர். மகன் எங்கே என்று அமைச்சர்களிடமும் அதிகாரிகளிடமும் கேட்டுக் கேட்டு அலைந்தார். அவர் ஆட்கொணர்வு மனு போட முடிந்தது எப்போது? 1977 மார்ச்சில், தேர்தல் முடிந்து நெருக்கடி நிலை விலகிய பிறகு! கேரள உயர் நீதிமன்றம் அப்போது கடுமையாகத்தான் கேட்டது. கக்கயம் போலீஸ் முகாமில் மகன் சித்திரவதையில் இறந்தது வெளியே வந்தது. புதிதாகப் பதவியேற்றிருந்த முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. உடல்கூட அந்தத் தந்தைக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு நீதிமன்றக் கதவைத் திறந்துவிட்டது வாக்குச்சீட்டு, நடுவர் அவர்களே.

அந்த வாக்கைப் போட்டவர்கள் யார்? உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் கட்டாயக் கருத்தடைக்கு ஆளான கிராமத்து மக்கள். பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான பிரிவு 21 என்ன சொல்கிறது என்று அவர்களுக்கு யாரும் வாசித்துக் காட்டியதில்லை. உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் ஆளுங்கட்சியான காங்கிரசுக்கு ஒன்றுகூடத் தரவில்லை. ரேபரேலியில் பிரதமரே தோற்றார்.

'தமிழ்நாட்டில் அதே காங்கிரஸ் இடம்பெற்ற கூட்டணி 39-இல் 34 தொகுதிகளை வென்றதே, இங்கே விழிப்பு எங்கே போனது?' என்று எதிரணி கேட்கலாம். நியாயமான கேள்வி. மக்கள் எல்லா ஊரிலும் எல்லா நாளும் விழித்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. வடக்கே விழுந்த அடி இங்கே அதே அளவில் விழவில்லை. இங்கே தேர்தலை நடத்திய பகைகளும் நட்புகளும் வேறு. ஆனால் நம் ஊர் விழித்த நாளையும் சொல்ல வேண்டும் அல்லவா? 1951-இல், கல்லூரி இடங்களைச் சமூகவாரியாக ஒதுக்கிய வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, பெரியாரும் மற்றவர்களும் எழுப்பிய கிளர்ச்சியில் சென்னை மாநிலம் கொதித்தது. சில மாதங்களுக்குள் முதல் திருத்தம் வந்தது. பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் நான்காம் உட்பிரிவு பிரிவு 15-இல் சேர்ந்தது. இன்று நாடு முழுவதும் எத்தனையோ வீடுகளின் முதல் பட்டதாரிகள் கல்லூரி வாசலை மிதித்தது அந்த உட்பிரிவின் வழியாக. நீதிமன்றம் மூடிய கதவை வீதி திறந்தது!

1977-இல் மக்கள் அனுப்பிய நாடாளுமன்றம்தான் 44-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பிரிவு 21-ஐ எந்த நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்று எழுதியது அது. அமைச்சரவை எழுத்தில் முடிவு தராமல் குடியரசுத் தலைவர் அறிவிப்பு வெளியிட முடியாது என்று எழுதியதும் அதுதான்.

தவறான தீர்ப்பை நீதிமன்றமே திருத்திக்கொண்டதே என்று எனக்குப் பின் வருகிறவர் சொல்லக்கூடும். திருத்திக்கொண்டது, உண்மை. அந்தரங்க உரிமை குறித்த புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த 1976 தீர்ப்பைத் தூக்கியெறிந்தது. அது 2017 ஆகஸ்ட் 24-இல். நாற்பத்தோரு ஆண்டுகள் கழித்து. மக்களோ அந்தத் தீர்ப்புக்குப் பதினோரு மாதத்தில் பதில் சொல்லிவிட்டார்கள். இந்தக் கணக்கையும் தங்கள் தராசில் வைத்துத் தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.