இரவல் பூட்ஸில் பதின்மூன்று கோல்

நேயர்களுக்கு வணக்கம்.

இரவல் பூட்ஸைப் போட்டுக்கொண்டு உலகக் கோப்பை ஆடிய ஒருவரைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அவர் பெயர் ஜுஸ்த் ஃபோந்தேன். பிரான்ஸ் அணிக்காரர். ஆனால் பிறந்தது மொரோக்கோவில், மராகேஷ் நகரத்தில், 1933ஆம் ஆண்டு. அப்போது அங்கே பிரெஞ்சு ஆதிக்கம். காசாபிளாங்காவில் ஆடப் பழகி, 1953இல் நீஸ் கிளப்புக்கு வந்தார். 1956இல் ரீம்ஸ் கிளப்பின் பெரிய நட்சத்திரம் ரேமோன் கோபாவை ரியல் மாட்ரிட் வாங்கிக்கொண்டு போக, அந்தக் காலி இடத்துக்கு இவரை அழைத்தார்கள்.

1958இல் ஸ்வீடனில் உலகக் கோப்பை. அணியில் ஃபோந்தேனின் இடம் அப்போதுகூட உறுதியாக இல்லை. ரெனே ப்ளியார் என்ற இன்னொரு முன்கள வீரர் காயம்பட்டு விலகிய பிறகுதான் வழி திறந்தது. சரி, இடம் கிடைத்துவிட்டது என்று பார்த்தால், பயிற்சியில் பூட்ஸ் கிழிந்துபோனது. விளம்பரம் செய்யப் பணமும் கொடுத்து பூட்ஸும் கொடுக்கும் காலமல்ல அது. நல்லவேளையாக, மாற்று வீரர் ஸ்தெஃபான் ப்ரூவேக்கும் இவருக்கும் பாதம் ஒரே அளவு. அவருடைய பூட்ஸை வாங்கி மாட்டிக்கொண்டார்.

முதல் ஆட்டத்தில் பராகுவேக்கு எதிராக மூன்று கோல். யூகோஸ்லாவியாவுக்கு எதிராக இரண்டு, ஸ்காட்லாந்துக்கு ஒன்று, வட அயர்லாந்துக்கு இரண்டு. அரையிறுதியில் பிரேசில். அந்தப் போட்டித் தொடரில் அதுவரை பிரேசில் ஒரு கோல்கூட வாங்கியிருக்கவில்லை. பிரேசிலுக்கு எதிராக முதல் கோலை அடித்தவர் நம் ஆள்தான். அப்புறம் பிரான்ஸின் தற்காப்பு வீரர் ராபர்ட் ஜோங்கேவுக்குக் கால் முறிந்தது. மாற்று ஆள் இறக்க அன்றைக்கு விதி இல்லை. பதினேழு வயது பெலே மூன்று கோல் போட, 5-2 என்று கதை முடிந்தது.

மூன்றாம் இடத்துக்காக மேற்கு ஜெர்மனியோடு ஆடினார்கள். அதில் ஃபோந்தேன் மட்டும் நான்கு கோல். அதே ஆட்டத்தில் பிரான்ஸுக்கு ஒரு பெனால்ட்டியும் கிடைத்தது. அதை அடித்தவர் மாட்ரிட்டிலிருந்து வந்து ஆடிய கோபா. கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்களுக்குக் கை அரிக்கத்தான் செய்யும்! எப்படியோ, ஆறு ஆட்டத்தில் பதின்மூன்று கோல். 2022 வரை ஐந்து உலகக் கோப்பைகள் ஆடித்தான் மெஸ்ஸி அதே பதின்மூன்றைத் தொட்டார். ஃபோந்தேனுக்குக் கிடைத்த பரிசு, ஸ்வீடன் பத்திரிகை ஒன்று கொடுத்த ஒரு காற்றுத் துப்பாக்கி.

இதுவரை சொன்னது கால்பந்து ரசிகர்கள் பலருக்கும் தெரிந்த கதைதான். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இதற்குப் பிறகு நடந்தவற்றால்.

1960 மார்ச்சில் அவருக்குக் கால் முறிந்தது. தேறி வந்தார். 1961 ஜனவரியில் மறுபடி முறிந்தது. 1962இல், இருபத்தொன்பது வயது நிறைவதற்குள், ஆட்டத்தை விட்டார். நாட்டுக்காக ஆடியது 21 ஆட்டம், அடித்தது 30 கோல். அந்த விகிதத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கால் தேறாமல் இருந்த அந்த 1961இல்தான் அவர் ஒரு காரியம் செய்தார். பிரான்ஸில் அன்றைக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், முப்பத்தைந்து வயதுவரை அந்த கிளப்புக்கே கட்டுப்பட்டவர். கிளப் நினைத்தால் அவரை விற்கலாம். அவராக நினைத்தால் போக முடியாது. யூஜின் என்ஜோ லேயா என்பவர் கேமரூனிலிருந்து வந்த முன்கள வீரர், சட்டம் படித்தவர். அவரோடு சேர்ந்து ஃபோந்தேன் ஆட்டக்காரர்களுக்கென ஒரு தொழிற்சங்கம் தொடங்கி, அதன் முதல் தலைவரும் ஆனார். கோபாவும் இதில் உடனிருந்தார். ஆட்டக்காரர்கள் அடிமைகள் என்று 1963இல் கோபா பத்திரிகையில் சொன்னது பெரிய ரகளையானது. 1969இல்தான் இத்தனை ஆண்டுக்கு என்று காலம் குறித்த ஒப்பந்தம் வந்தது. ஃபோந்தேனின் கால்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை; அவர் ஓய்வுபெற்று ஏழு வருடம் ஆகியிருந்தது.

பயிற்சியாளராக ஏற்றமும் இறக்கமும் இருந்தன. 1967இல் பிரான்ஸ் அணியைக் கொடுத்தார்கள். இரண்டே ஆட்டம், இரண்டிலும் தோல்வி, பதவி போயிற்று. பாரிஸ் சாங்-ஜெர்மேன் இன்று பணத்தில் புரளும் கிளப். 1974இல் அதை இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டவர் இவர். பிறகு பிறந்த மண்ணுக்கே போய், 1980 ஆப்பிரிக்கக் கோப்பையில் மொரோக்கோவுக்கு மூன்றாம் இடம் வாங்கிக் கொடுத்தார். கடைசிக் காலம் துலூஸ் நகரத்தில். 2023 மார்ச் 1ஆம் தேதி, எண்பத்தொன்பது வயதில் காலமானார்.

அந்த பூட்ஸ் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஆறு ஆட்டமும் முடிந்ததும் ப்ரூவேயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வணக்கம்.